இடுங்கிய கண்: ‘இடுக்கண்’ என்னும் சொல்லின் பிறப்பும் பொருளும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கதவிடுக்கில் விரல் அகப்பட்டால் என்ன ஆகும்? வலி விரலில்தான். ஆனால் முதலில் சுருங்குவது கண். புருவம் இறங்கும், இமைகள் நெருங்கும், எதிரில் நிற்பவர் முகம்கூட ஒரு கணம் தெரியாது. இன்று நாம் பேசப்போகும் சொல் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் இருக்கிறது. அங்கே இடமும் இடுக்கு, கண்ணும் இடுங்குகிறது. இந்த இரண்டில் எதிலிருந்து ‘இடுக்கண்’ பிறந்தது? அதைத்தான் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பள்ளிக்கூடத்தில் ‘இடுக்கண் = துன்பம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அது போதும், சொல்லுக்குப் போதாது. தமிழில் துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் இருபதுக்குக் குறையாது. அல்லல், இன்னல், இடர், இடும்பை, இன்னாமை, கையாறு, தொல்லை, துயர், நோவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றுக்கும் எதிரே ‘துன்பம்’ என்று எழுதினால் இத்தனை சொல் எதற்கு? ஒவ்வொன்றும் துன்பத்தை ஒவ்வொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. இடுக்கண் தொடும் பக்கம் எது என்பதே நம் பொருள்.

வேரிலிருந்து தொடங்குவோம். இடுகு, இடுங்கு, இடுக்கு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடுகுதல், இடுங்குதல் இரண்டும் தானே சுருங்குவது, ஒடுங்குவது. இடுக்குதல் பிறிதொன்றைச் சுருக்குவது, நெருக்கிப் பிடிப்பது. ஒடுங்கு – ஒடுக்கு, சுருங்கு – சுருக்கு, நெருங்கு – நெருக்கு, அடங்கு – அடக்கு என்னும் வரிசையில் இடுங்கு – இடுக்கு தானாகவே வந்து நிற்கிறது. ‘ங்க்’ வந்தால் தன்வினை, ‘க்க்’ வந்தால் பிறவினை. ஒரு வேர்ச்சொல்லை ஆராயும்போது இப்படி ஒரு வரிசை கிடைத்தால் காலடியில் உறுதியான மண் இருக்கிறது என்று பொருள். ஓசை ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு வேர் சொல்பவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இந்த வேர் ஏட்டில் மட்டும் இருப்பதன்று, நம் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பல்லிடுக்கு, விரலிடுக்கு, சுவரிடுக்கு, பாறையிடுக்கு என்கிறோம். ஒரு பொருளைத் தேடினால் ‘இண்டு இடுக்கு விடாமல்’ தேடுகிறோம். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கிறோம், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம். கொல்லர் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடிக்கும் கருவிக்கு இடுக்கி என்று பெயர். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். ஒருக்களித்துப் படுத்து, தோளைக் குறுக்கி, ஊர்ந்துதான் அந்தச் சிறு மண்டபத்தின் வாயிலைக் கடக்க முடியும். அங்கே போய்வந்தவருக்கு ‘இடுக்கு’ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

மலையாள நாட்டில் பெரியாறு, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நெருங்கிய ஒரு கணவாய் வழியே பாய்கிறது. அந்த இடுக்கை அடைத்துத்தான் 168.91 மீட்டர் உயரமுள்ள வளைவு அணையைக் கட்டினார்கள். ஊரின் பெயர் இடுக்கி. 1972-இல் உருவான மாவட்டத்துக்கும் அதே பெயர். பொறியாளருக்கு இடுக்கு ஒரு நன்மை, ஏனென்றால் நெருங்கிய இடத்தில்தான் வளைவு அணை நிற்கும். சொல்லுக்குள் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, இருப்பது நெருக்கம் மட்டும். நெருக்கத்தில் அகப்பட்டது மனிதன் என்றால்தான் அது துன்பச் சொல் ஆகிறது.

பழைய நூல்களில் இதே வேர் ‘இட்டு’ என்ற வடிவிலும் வருகிறது. வள்ளுவர் வலியறிதலில் சொல்கிறார்:

ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

வருவாய் வரும் வழி இட்டிது ஆனாலும், போகும் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை. ‘இட்டிது’ என்பதற்கு நேர் எதிராக ‘அகல்’ நிற்பதைப் பாருங்கள். இட்டிது என்றால் சிறிது, ஒடுங்கியது. வாய்க்காலின் அகலத்தை வைத்து வரவு செலவைச் சொல்லும் குறள் இது. திருவெம்பாவையில் அம்மையின் ‘இட்டிடை’ பாடப்படுகிறது. அதுவும் ஒடுங்கிய இடைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் ‘இடு’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. கொடு, வை, போடு என்னும் பொருளுடைய வினை அது. பிச்சை இடு, கோலம் இடு, பெயர் இடு என்பவையெல்லாம் அதன் வழி வந்தவை. ‘இடம்’ என்பதையும் அந்த வினையோடு சேர்ப்பவர்கள் உண்டு. ‘விதி இட்டது, ஆகவே இடுக்கண்’ என்று விளக்கம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடுங்கு, இடுக்கு, இட்டிது என்ற குடும்பம் முழுவதும் கண்ணெதிரே நிற்கும்போது, அதை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போய்க் கதவு தட்ட வேண்டியதில்லை.

முதற்பாதி தெளிந்தது. அடுத்தது ‘கண்’. சிக்கல் இதில்தான்.

கண் என்றால் விழி. கண் என்றால் இடமும் ஆகும். ஏழாம் வேற்றுமை உருபாகவே அது நிற்கும். ஊர்க்கண், வினைக்கண் என்று உரைநூல்களில் பக்கத்துக்குப் பத்து முறை பார்க்கலாம். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைப் பொருள்களை அடுக்கும்போது ‘கண்’ என்றுதான் தொடங்குகிறார். ஆகவே இடுக்கண் என்பதை ‘ஒடுங்கிய இடம்’ என்றும் பிரிக்கலாம், ‘ஒடுங்கிய விழி’ என்றும் பிரிக்கலாம். முதலாவது துன்பத்தின் சூழலைச் சொல்கிறது, இரண்டாவது துன்பப்படுபவரின் முகத்தைச் சொல்கிறது.

நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். அதற்குச் சான்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களம் சொன்ன பிறகு, வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அவர் ஒரே நூற்பாவில் அடுக்குகிறார். அங்கே வரும் ஓரடி: ‘கையாறு இடுக்கண் பொச்சாப்புப் பொறாமை’. மெய்ப்பாடு என்றால் உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்மேல் வெளிப்படுவது. பார்ப்பவர் கண்டு அறியத்தக்கதுதான் அந்தப் பட்டியலில் ஏறும். ‘நெருக்கமான இடம்’ மெய்ப்பாடு ஆக முடியாது, ‘இடுங்கிய கண்’ ஆகலாம். உரையாசிரியர் பேராசிரியர் இந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கமும் கண்ணைப் பற்றியதே. மலர்ந்த நோக்கம் இன்றி மையல் நோக்கம் பட வரும் இரக்கம் என்கிறார். நோக்கம் என்றால் பார்வை. மலர்தலுக்கு எதிர் இடுங்குதல். முகம் மலர்ந்தது, கண் மலர்ந்தது என்று மகிழ்ச்சியைச் சொல்லும் அதே மொழி, துன்பத்துக்குக் கண் இடுங்கியது என்று சொல்வதில் வியப்பில்லை.

இந்த முடிவுக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். இரண்டையும் மறைக்காமல் பார்ப்போம்.

முதல் தடை புணர்ச்சி. இடுக்கு + கண் என்றால் ‘இடுக்குக்கண்’ என்றல்லவா வரவேண்டும்? ஒரு ‘கு’ எங்கே போயிற்று? ஒரே ஓசை அடுத்தடுத்து வரும்போது ஒன்று உதிர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இடு + கண் என்றே வைத்துக்கொள்ளலாம். நடு + கடல் நடுக்கடல் ஆகிறது, பொது + கூட்டம் பொதுக்கூட்டம் ஆகிறது, இடு + கண் இடுக்கண் ஆகிறது. ஆனால் சுடு + காடு ‘சுடுக்காடு’ ஆவதில்லை. ஏன்? ‘சுடு’ அங்கே வினை, சுடுகாடு வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அப்படியானால் இடுக்கணின் நடுவில் நிற்கும் ‘க்’ ஒரு செய்தி சொல்கிறது. இங்கே ‘இடு’ வினையாக நிற்கவில்லை, ‘நடு’ போல, ‘பொது’ போல ஒரு தன்மையைச் சொல்லும் பெயராக நிற்கிறது. கொடு, வை என்ற பொருளுடைய ‘இடு’ இதற்குள் இல்லை என்பதற்கு இந்த ஒற்றெழுத்தும் ஒரு சாட்சி.

இரண்டாம் தடை நுட்பமானது. கண் என்பதோடு உருபு சேர்ந்தால் ணகரம் இரட்டிக்கும்: கண்ணை, கண்ணால், கண்ணுக்கு. இடுக்கணில் இரட்டிப்பதில்லை. இடுக்கணை, இடுக்கணால், இடுக்கணுக்கு என்றுதான் உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது கண் இல்லையோ? இதற்கு விடை சோழ மன்னன் ஒருவனின் பெயரில் இருக்கிறது. கோச்செங்கணான். செங்கண் உடையவன் செங்கண்ணான் ஆகாமல் செங்கணான் ஆனான். முக்கண் உடைய இறைவன் முக்கணான் என்று பாடப்படுகிறான். தனிக்குறிலுக்கு அடுத்த ஒற்றுத்தான் உயிர் வந்தால் இரட்டிக்கும். கண் தனியாக நின்றால் ‘க’ தனிக்குறில். செங்கண், முக்கண், இடுக்கண் என்று முன்னே எழுத்துகள் சேர்ந்துவிட்டால் அது தனிக்குறில் இல்லை. செங்கண்ணன், முக்கண்ணன் என்று இரட்டித்தும் வழங்குவது, உள்ளே இருக்கும் ‘கண்’ பேசுவோர் மனத்தில் இன்னும் தனித்துத் தெரிவதால். இடுக்கண் அப்படித் தெரியாத அளவுக்கு உருகி ஒரே சொல்லாகிவிட்டது. சொல் பழையது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

அண்டை மொழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மலையாளத்தில் இடுங்கிய வழி என்றால் ஒடுங்கிய வழி. தெலுங்கில் இடுமு என்றால் துன்பம். கன்னடத்தில் இக்கட்டு என்ற ஒரே சொல் நெருக்கமான இடத்தையும் துன்பத்தையும் சுட்டுகிறது. நாமும் ‘இக்கட்டான நிலை’ என்கிறோம். நெருக்கத்தைக் கொண்டு துன்பத்தைப் பெயரிடுவது இந்த மொழிக் குடும்பத்தின் பொதுச் சொத்து. அதைக் கண்ணுக்கு ஏற்றிப் பார்த்ததுதான் தமிழ் செய்த தனி வேலை.

இனித் திருக்குறளுக்கு வருவோம். இந்தச் சொல் முழு உயரத்தில் நிற்கும் இடம் அது. 63-ஆம் அதிகாரம், இடுக்கண் அழியாமை. பொருட்பாலில், அரசியலின் கடைசி அதிகாரம். அதற்கு முன் இருப்பவை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. ஊக்கத்தோடு, சோம்பலின்றி, முயற்சியோடு ஒருவன் செயலில் இறங்கிவிட்டான், அதன் பிறகு வருவதுதான் இடுக்கண். சும்மா இருந்தவனுக்கு வந்த துன்பத்தை வள்ளுவர் இங்கே பேசவில்லை. இந்த இடவரிசையை விட்டுவிட்டு முதற்குறளை மட்டும் எடுத்துச் சுவரில் எழுதினால் பொருள் பாதியாகிவிடும்.

தலைப்பையே பலர் தவறாகப் பிரிக்கிறார்கள். ‘இடுக்கண் அழியாமை’ என்பதை எழுவாய்த் தொடராகக் கொண்டால் ‘துன்பம் அழியாமல் இருப்பது’ என்று தலைகீழாகப் போகும். உருபு தொக்கு நிற்கிறது. இடுக்கணால் மனம் அழியாமை என்பது பொருள். அழிவது துன்பமன்று, மனம். உரையாசிரியர் பரிமேலழகர் இடுக்கண் வரும் மூன்று வழிகளைச் சொல்கிறார்: தெய்வத்தால் வருவது, பொருள் இன்மையால் வருவது, மெய் வருத்தத்தால் வருவது. முதல் ஐந்து குறள் முதல் வகைக்கு, ஆறாவது இரண்டாம் வகைக்கு, கடைசி நான்கும் மூன்றாம் வகைக்கு என்று பிரித்தும் காட்டுகிறார்.

இப்போது துன்பச் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்துக் குறளிலும் சேர்ந்து இடும்பை 7 முறை, இடுக்கண் 4 முறை, துன்பம் 3 முறை. இடர், அல்லல், கையாறு, இன்னாமை ஒவ்வொன்றும் ஒரு முறை. அவை வரும் வரிசைதான் முக்கியம். முதல் ஐந்து குறளில் இடுக்கண், இடும்பை, இடர்ப்பாடு தவிர வேறு துன்பச் சொல்லே கிடையாது. எல்லாம் ‘இடு’, ‘இட’ என்று தொடங்கும் சொற்கள். பொருள் இழந்ததைப் பேசும் ஆறாவது குறளில் திடீரென்று ‘அல்லல்’ வருகிறது. எட்டாவதில்தான் முதன்முதலாகத் ‘துன்பம்’ தலைகாட்டுகிறது. அதுவும் ‘இன்பம்’ என்ற இணையோடு சேர்ந்தே வருகிறது. பத்தாவதில் ‘இன்னாமை’. நெருக்கும் பொருளிலிருந்து தொடங்கி, நெருக்கத்தை உணரும் மனத்தில் போய் முடிகிறது அதிகாரம். பரிமேலழகரின் ஐந்து, ஒன்று, நான்கு என்ற பகுப்பும் இந்தச் சொல்மாற்றமும் பொருந்தி வருவதைப் படிக்கும் மாணவர்கள் பென்சிலால் அடிக்கோடு போட்டே சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வள்ளுவர் இந்தச் சொல்லை ஓசைக்காகவும் தேர்ந்தெடுத்திருக்கிறார். இடுக்கண் – அடுத்தூர்வது, மடுத்தவாய் – இடுக்கண், அடுக்கி – இடுக்கண். மற்ற அதிகாரங்களிலும் இப்படியே: இடுக்கண் – நடுக்கற்ற, உடுக்கை – இடுக்கண், இடுக்கண் – அடுத்தூன்றும். நான் சுட்டிய ஆறு குறளிலும் இந்தச் சொல் அடியின் முதற்சீரில் எதுகைக்கு நிற்கிறது. இரண்டாம் எழுத்து ‘டு’ அதற்குக் கை கொடுக்கிறது. துன்பம் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தால் எதுகை குலையும். ஆனால் எதுகைக்காக மட்டும் வந்த சொல் இப்படிப் பொருளோடு ஒட்டாது. எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம்.

இடுக்கண் வருங்கால் நகுக அதனை
அடுத்தூர்வது அஃதொப்ப தில்.

‘நகுக’ என்பதற்குப் பரிமேலழகர் ‘உள் மகிழ்க’ என்று பொருள் எழுதுகிறார். வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லவில்லை. பிறர் துன்பத்தைக் கண்டு சிரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கண் இடுங்கும்போது உள்ளே மலரச் சொல்கிறார். இடுங்குதலுக்கு மலர்தலே மாற்று. சொல்லின் வேர் தெரியாதவருக்கு ‘துன்பத்தில் சிரி’ என்பது பொருந்தாத அறிவுரையாகப் படும். வேர் தெரிந்தவருக்கு நோயும் மருந்தும் ஒரே முகத்தில் இருப்பது தெரியும். ‘அடுத்தூர்தல்’ என்பதையும் கவனியுங்கள். நெருங்கிச் சென்று மேலேறி அடர்த்தல் அது. நெருக்க வந்ததை நெருங்கியே வெல்வது. விலகி ஓடுவது குறளில் இல்லை.

இந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான படம் நான்காவது குறளின் எருது.

மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற
இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.

பாரவண்டி இழுக்கும் மாடு. மடுத்த வாயெல்லாம் என்றால் தடைபட்ட இடமெல்லாம். மேடு, பள்ளம், மணல், சேறு எதுவும் ஆகலாம். சக்கரம் புதைந்த இடத்தில் நல்ல எருது என்ன செய்யும்? பரிமேலழகர் அதைச் சிந்தாமணியின் சொற்களைக் கொண்டு காட்டுகிறார்: மருங்கு ஒற்றியும், மூக்கு ஊன்றியும், தாள் தவழ்ந்தும் இழுத்துச் செல்லும். விலாவைச் சாய்த்து, மூக்கை மண்ணில் ஊன்றி, முன்னங்கால் மடிந்து தவழ்ந்தும் நுகத்தை விடாது. வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், மாடு முழங்காலில் விழுந்தபடி இழுக்கும் அந்த நேரத்தில் அதை அடிக்கக் கூடாது, சக்கரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவனிடம் வந்த இடுக்கண், தானே இடர்ப்படும் என்கிறார். இடருக்கும் இடறுதலுக்கும் ஓசையில் உள்ள உறவு இங்கே நன்றாகக் கேட்கிறது. கால் இடற வேண்டியது எருது, இடறுவதோ இடுக்கண்.

ஐந்தாவதில் ‘இடுக்கண் இடுக்கட் படும்’. ண் என்பது ட் ஆவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மண் + குடம் மட்குடம் ஆவது போன்றது அது. அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருத்த வேண்டாம்.

அதிகாரத்துக்கு வெளியே உள்ள குறள்களில் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் கண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வினைத்தூய்மையில் வருவது இது:

இடுக்கண் படினும் இளிவந்த செய்யார்
நடுக்கற்ற காட்சி யவர்.

இடுக்கணுக்கு எதிரே வைத்த சொல் ‘காட்சி’. காட்சி என்றால் அறிவுத் தெளிவு என்று உரை சொல்லும். வேர்ப்பொருள் காணுதல். கண் இடுங்கினால் முதலில் போவது பார்வை. அருகில் இருப்பது மட்டும் தெரியும், தொலைவில் இருப்பது மறையும். அந்த நேரத்தில்தான் இழிந்த செயல் எளிய வழியாகத் தோன்றும். பணம் முட்டுப்பட்ட வீட்டில் அடுத்த மாதத்து வட்டியைப் பாராமல் இன்றைக்குக் கைநீட்டிக் கடன் வாங்குவதை நாம் பார்க்கிறோம். அறிவு குறைந்ததால் நடப்பதில்லை அது, பார்வை ஒடுங்கியதால் நடப்பது. வள்ளுவர் ‘நடுக்கற்ற அறிவினர்’ என்று சொல்லாமல் ‘நடுக்கற்ற காட்சியவர்’ என்று சொன்னதை நான் தற்செயல் என்று கொள்ள மாட்டேன்.

வறுமையைச் சொல்லும்போதும் அவர் இடத்தின் அளவையே கையில் எடுக்கிறார். ஒப்புரவறிதலில் ‘இடனில் பருவத்தும்’ என்கிறார். பரிமேலழகர் இதைச் செல்வம் சுருங்கிய காலம் என்று விளக்குவார். இரவச்சத்தில் ‘இடமில்லாக் காலும் இரவொல்லாச் சால்பு’, அந்தச் சால்பு ‘இடமெல்லாம் கொள்ளாத் தகைத்தே’. கையில் இடம் இல்லாதவரின் பெருமைக்கு உலகத்தின் இடமெல்லாம் போதாது. ஒரே குறளில் ஒடுக்கமும் அகலமும். இடம் என்பதன் வேர் வேறாக இருக்கலாம் என்று முன்பே சொன்னேன். இருந்தாலும் துன்பத்தை இடக்குறைவாக உணரும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. 1975-இல் நாடெங்கும் அறிவிக்கப்பட்டதைத் தமிழில் ‘நெருக்கடி நிலை’ என்றோம். 2022-இல் இலங்கையில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதைப் ‘பொருளாதார நெருக்கடி’ என்றோம். வீட்டில் ‘கை இறுக்கமாக இருக்கிறது’ என்கிறோம். இடுக்கண் என்ற சொல் பேச்சை விட்டுப் போய்விட்டது, அதைப் பிறப்பித்த உணர்வு வேறு சொற்களைத் தேடிக்கொண்டது. இடர் மட்டும் அரசு ஆவணங்களில் புதுவாழ்வு பெற்றிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்கிறோம். அதே பொருளை இலங்கையில் அனர்த்தம் என்பார்கள், அங்கே இருப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். எனக்குப் பேரிடர் என்ற சொல் பிடிக்கும். பழைய வேரிலிருந்து ஆட்சித்துறைக்குத் தேவையான ஒரு சொல்லை இவ்வளவு இயல்பாக எடுக்க முடிந்திருக்கிறது.

உறவுச் சொற்களில் குழம்பக்கூடிய சிலவற்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். இடும்பையைக் கேட்டதும் பாரதத்து இடும்பியும், காவடிக் கதையின் இடும்பனும் நினைவுக்கு வருவார்கள். பாரதப் பெயர் வடமொழியில் ஹிடிம்பா. அதற்கும் நம் இடும்பைக்கும் உறவில்லை. ‘இடும்பைகூர் என்வயிறே உன்னோடு வாழ்தல் அரிது’ என்று நல்வழியில் வருவதே இந்தச் சொல்லின் சரியான இடம். ஒரு நாள் உண்ணாமல் இரு என்றால் இராத, இரண்டு நாளுக்குச் சேர்த்து ஏற்றுக்கொள் என்றால் ஏற்காத வயிறு. கையாறு என்பதில் கை செயலைக் குறிக்கும். செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலை அது. பாரியை இழந்த மகளிர் பாடிய புறநானூற்று 112-ஆம் பாட்டின் துறை கையறுநிலை. இடுக்கணில் செய்ய வழி இருக்கிறது, கையாற்றில் இல்லை. இரண்டையும் மாற்றி எழுதக் கூடாது. தொல்லை முதலில் பழமை என்றே பொருள்பட்டது. திருவாசகத்தின் முகப்பில் வரும் ‘தொல்லை இரும்பிறவி’ என்பதைத் தொந்தரவான பிறவி என்று உரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது பழமையான பெரும்பிறவி. கஷ்டம் வடசொல். இன்று வீட்டுக்கு வீடு வழங்குவதும் அதுதான், அதை வெறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்த வகைக் கஷ்டம் என்று அது சொல்லாது.

எழுதுவோருக்குச் சில குறிப்புகள். இறுதி எழுத்து ண், ‘இடுக்கன்’ தவறு. இடுக்கணை, இடுக்கணால், இடுக்கணுக்கு என்று ஒற்றை ணகரம். பன்மையாக ‘இடுக்கண்கள்’ என்று எழுதுவது பிழையில்லை என்றாலும் செவிக்கு ஒட்டாது. பலவாக வருவதைச் சொல்ல வள்ளுவரே ‘அடுக்கி வரினும்’ என்று வினையில்தான் பன்மையை வைத்தார். நோய்க்கோ உடல் வலிக்கோ இந்தச் சொல்லை இட வேண்டாம். நோவு, பிணி என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. ஒரு செயலின் நடுவில் வழி ஒடுங்கிப்போகும் நேரத்துக்கு இதைப் போலப் பொருந்தும் சொல் வேறில்லை.

இந்தச் சொல்லோடு சேரும் வினைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். இடுக்கண் வரும், இடுக்கண் உறும், இடுக்கண் படும். குடிசெயல்வகையில் அது கொல்லவும் செய்யும்: ‘இடுக்கண்கால் கொன்றிட வீழும் அடுத்தூன்றும் நல்லாள் இலாத குடி.’ மரத்தின் அடியை வெட்டுவதுபோல் இடுக்கண் வெட்ட, அருகில் முட்டுக் கொடுக்கும் நல்ல ஆள் இல்லாத குடி சாய்ந்துவிடும். முதலில் பார்த்த குறளில் ‘அடுத்து ஊர்வது’, இதில் ‘அடுத்து ஊன்றுவது’. தனி ஒருவன் இடுக்கணின்மேல் ஏறிச் செல்லலாம், குடும்பத்துக்கோ ஊன்றுகோல் வேண்டும்.

நட்பின் இலக்கணத்தில் வள்ளுவர் வேறொரு வினையைச் சேர்க்கிறார்:

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு.

தீர்ப்பது, போக்குவது, நீக்குவது என்று எத்தனையோ வினைகள் இருக்க, இங்கே ‘களைவது’ என்கிறார். வயலில் களை எடுப்பதும் களைதல், உடுத்ததை அவிழ்ப்பதும் களைதல். ஆடை நழுவியவனின் கை, யாரும் சொல்லாமல், அந்த நொடியிலேயே போய் ஆடையை இறுகப் பற்றுகிறது. நண்பனின் கை அதே விரைவில் வந்து, இறுகிப் பற்றியிருக்கும் இடுக்கணைக் களைகிறது. ஒரு கை உடுத்துகிறது, ஒரு கை களைகிறது. ‘ஆங்கே’ என்ற சொல் இரண்டு கைகளுக்கும் பொது.

வணக்கம்.